பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: மறைவாகக் கொடுத்தலைப் பற்றி ஓர் அறிமுகம்

திருநெல்வேலிப் பக்கத்துத் திருச்சபைகளில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின்போது, அறிவிப்புகளோடு சேர்த்து ஸ்தோத்திரக் காணிக்கைப் பட்டியலையும் வாசிப்பார்கள். மகளுக்குத் திருமணம் கூடிவந்ததற்காக ஒரு குடும்பத்தார் 1,000 ரூபாய், அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்காக இன்னொருவர் 500 ரூபாய், பிறந்தநாளுக்காக ஒரு குழந்தையின் பெயரில் 100 ரூபாய் என்று வரிசையாக வரும் அந்தப் பட்டியலில், அநேகமாக ஒவ்வொரு வாரமும், "பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்" என்று ஒரு வரியும் இருக்கும். சிறுவயதில் அந்த வரி வாசிக்கப்படும்போதெல்லாம் நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். கொடுத்தவர் அதே கூரையின் கீழ் ஏதோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தம்மைப் பற்றிய அந்த வரியைத் தாமும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எந்த முகமும் அதைக் காட்டிக்கொடுக்காது.

ஒருவர் தம் பெயரை ஏன் இப்படி மறைத்துக்கொள்ள வேண்டும், அதனால் ஆவிக்குரிய நன்மை ஏதாவது உண்டா, பெயர் சொல்லிக் கொடுத்தால் காணிக்கையின் மதிப்புக் குறைந்துவிடுமா என்ற கேள்விகள் சபைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் சபையிலேயே வளர்ந்த இளையோருக்கும் எழுகின்றன. இவற்றுக்குக் கிறிஸ்தவ மரபு என்ன சொல்கிறது என்பதை, வேதாகமத்தை அதிகம் வாசித்திராதவருக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன்.

மலைப்பிரசங்கத்தின் நான்கு வசனங்கள்

இயேசு மலைமேல் உட்கார்ந்து தம் சீடருக்குச் சொன்ன உபதேசத்தை மலைப்பிரசங்கம் என்கிறோம். இந்தப் போதனையின் ஊற்று அதில் வரும், மத்தேயு சுவிசேஷத்தின் 6ஆம் அதிகாரத்தில் உள்ள முதல் நான்கு வசனங்கள். "மனுஷர் காணவேண்டுமென்று அவர்களுக்கு முன்பாக உங்கள் தர்மத்தைச் செய்யாதபடிக்கு எச்சரிக்கையாயிருங்கள்" என்று இயேசு தொடங்குகிறார். புகழப்படுவதற்காகத் தாரை ஊதிக்கொண்டு தர்மம் செய்கிற மாயக்காரரைப் போல் இருக்க வேண்டாம் என்கிறார். பிறகு, பலருக்கும் மனப்பாடமாகிவிட்ட அந்த வாக்கியம் வருகிறது: "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது."

இந்த வசனங்களில் உள்ள சில சொற்களின் அருகே சற்று நிற்க வேண்டும். முதல் வசனத்தில், பழமையான கிரேக்கப் பிரதிகளில் உள்ள சொல்லுக்கு "நீதி" என்று பொருள். இரண்டாம் வசனத்தில் உள்ள சொல்லோ இரக்கத்திலிருந்து பிறந்த சொல், ஏழைக்கு இடும் உதவியைக் குறிப்பது. நீதியாய் நடப்பதும் ஏழைக்குக் கொடுப்பதும் யூதர்களுக்கு இரு வேறு காரியங்கள் அல்ல. எபிரெயத்தில் ஒரே சொல் இரண்டையும் குறித்தது. தமிழ் வாசகருக்கு இதை விளக்குவது எளிது, ஏனென்றால் நம்முடைய "தர்மம்" என்ற சொல்லும் "அறம்" என்ற சொல்லும் அப்படிப்பட்டவையே. வழுவாமல் நடப்பதும் தர்மம், வாசலில் நிற்பவருக்குக் கொடுப்பதும் தர்மம். பழைய மொழிபெயர்ப்பு "தர்மம்" என்றும், கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பு "அறச் செயல்கள்" என்றும் எழுதியிருப்பதில் மூலத்தின் அந்த அகலம் கெடாமல் வந்திருக்கிறது.

"மாயக்காரர்" என்று நாம் படிக்கும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல், நாடக மேடையில் வேடமிட்டு நடிப்பவரைக் குறித்தது. நடிகருக்குப் பார்வையாளர் வேண்டும். பார்வையாளர் எழுந்து போய்விட்டால் நடிப்புக்கு வேலையில்லை. அதற்கு அடுத்து வருவது இன்னும் கூர்மையான சொல். "அவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது" என்ற இடத்தில் நிற்கும் கிரேக்க வினைச்சொல், எகிப்தின் வறண்ட மண்ணில் பாதுகாக்கப்பட்டுக் கிடைத்த பழைய பாப்பிரஸ் ரசீதுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. கடனோ கூலியோ முழுவதும் கைக்கு வந்துவிட்டது, இனி பாக்கியில்லை என்று எழுதிக் கொடுக்கும் வணிகச் சொல் அது. "தீர்ந்தது" என்ற தமிழ் அதை அப்படியே பிடித்திருக்கிறது. புகழ் வேண்டுமென்று கொடுத்தவருக்குப் புகழ் கிடைத்துவிட்டது, கணக்கு முடிந்துவிட்டது. அவருக்குத் தண்டனை உண்டு என்று இயேசு சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் கேட்டது அவருக்குக் கிடைத்துவிட்டது என்று மட்டுமே சொல்கிறார். எனக்கு அது தண்டனையைவிடக் கனமான வார்த்தையாகத் தோன்றுகிறது.

கல்லில் எழுதிய பெயர்களும் ஒரு மறைவான அறையும்

இயேசு இதைப் பேசிய உலகத்தில், கொடுத்தவரின் பெயரைக் கல்லில் வெட்டுவது இயல்பான வழக்கம். எருசலேமில் 1913-14ஆம் ஆண்டுகளில் நடந்த அகழாய்வில் ஒரு கிரேக்கக் கல்வெட்டுக் கிடைத்தது. வெத்தேனுவின் மகனான தெயோதோத்து என்ற ஆசாரியர், வேதம் வாசிப்பதற்காக ஒரு ஜெப ஆலயத்தையும், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காகத் தங்கும் அறைகளையும் தண்ணீர் வசதியையும் கட்டினார் என்றும், அவருடைய தகப்பனும் பாட்டனும்கூட ஜெப ஆலயத் தலைவர்களே என்றும் அது சொல்கிறது. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிக்கப்படுவதற்கு முந்தைய காலத்தது என்பது ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் கருத்து. கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரில் 1929இல் கண்டெடுக்கப்பட்ட இன்னொரு கல்வெட்டு, ஏரஸ்து என்பவர் நகர அதிகாரியானதற்காகத் தம் சொந்தச் செலவில் ஒரு தளத்தைப் பாவினார் என்று அறிவிக்கிறது. நம் ஊர்களில் மின்விசிறியின் இறக்கையிலும் பெஞ்சின் முதுகிலும் "உபயம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கல்வெட்டுகள் அந்நியமாகத் தோன்றாது. தெயோதோத்து கெட்டவர் அல்ல. வழிப்போக்கருக்குத் தண்ணீர் வைத்தவர். இருந்தாலும் அவர் காலத்தில், கொடுப்பதும் பெயர் பெறுவதும் பிரிக்க முடியாதபடி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

அதே எருசலேமில் இதற்கு நேர்மாறான ஒரு வழக்கமும் இருந்தது. யூதர்களின் மிஷ்னா என்னும் பழைய சட்டத் தொகுப்பு, ஆலயத்தில் "மறைவானவற்றின் அறை" என்று ஓர் அறை இருந்ததாகச் சொல்கிறது. பாவத்துக்கு அஞ்சுகிறவர்கள் அதற்குள் போய்த் தங்கள் கொடையை இரகசியமாக வைத்துவிட்டு வருவார்கள்; நல்ல குடும்பத்தில் பிறந்து நொடித்துப்போனவர்கள் அதிலிருந்து இரகசியமாக ஆதரிக்கப்படுவார்கள். வைத்தவர் யார் என்று எடுத்தவருக்குத் தெரியாது, எடுத்தவர் யார் என்று வைத்தவருக்கும் தெரியாது. ஆகவே இயேசு சொன்னதை யூதர்களுக்கு எதிரான புதுமையாகப் படிப்பது தவறு. தம் சொந்த மரபின் மிக மென்மையான ஓர் இழையை எடுத்து, அதைத் தம் சீடர்கள் எல்லாருக்கும் உரிய வாழ்க்கைமுறையாக அவர் ஆக்கினார். 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடீஸ் என்ற யூத அறிஞர் கொடுத்தலை எட்டுப் படிகளாக வகுத்தபோதும், இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் நிகழும் கொடையை மிக உயர்ந்த படிக்கு அடுத்த படியில் வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலான படி, ஒருவர் இனி யாரிடமும் வாங்கத் தேவையில்லாதபடி அவருக்கு ஒரு தொழிலையோ பங்கையோ அமைத்துக்கொடுப்பது.

அதே ஆலயத்தில், காணிக்கை போடுவதற்கென்று எக்காளத்தின் வடிவில் 13 பெட்டிகள் இருந்ததாகவும் மிஷ்னா குறிப்பிடுகிறது. தாரை ஊதுவதைப் பற்றி இயேசு சொன்னது இந்தப் பெட்டிகளை மனதில் வைத்துத்தான் என்று கருதுகிறவர்கள் உண்டு. வெறும் உருவகம் என்று கொள்கிறவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும், காணிக்கைப்பெட்டிக்கு எதிராக உட்கார்ந்து, ஜனங்கள் பணம் போடுகிறதை இயேசு பார்த்துக்கொண்டிருந்தார் என்று மாற்கு 12ஆம் அதிகாரம் சொல்கிறது. ஐசுவரியவான்கள் அதிகமாகப் போட்டார்கள். ஏழை விதவை ஒருத்தி வந்து, ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசைப் போட்டாள். ஒருவர் தன்னைக் கவனித்தார் என்பதோ, தன்னைப் பற்றிச் சீடரிடம் பேசினார் என்பதோ அவளுக்குத் தெரிந்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. அவள் பெயரும் எழுதப்படவில்லை. ஐயாயிரம் பேர் சாப்பிடும்படி ஐந்து வாற்கோதுமை அப்பங்களையும் இரண்டு மீன்களையும் வைத்திருந்த பையனின் பெயரும் அப்படியே எழுதப்படாமல் போயிற்று. சுவிசேஷங்களில் நம்மால் மறக்க முடியாத கொடையாளிகள் இருவர் பெயரற்றவர்களாக இருப்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை.

இடதுகை யார்?

மறைவாகக் கொடுத்தல் என்றவுடன் பார்க்கிறவர்களிடமிருந்து மறைப்பதையே முதலில் நினைக்கிறோம். ஆனால் வசனம் ஊராரைப் பற்றிப் பேசவில்லை. கொடுக்கிறவனின் சொந்த உடம்பிலேயே இருக்கிற இன்னொரு கையைப் பற்றிப் பேசுகிறது. இடதுகை என்பது யாரைக் குறிக்கிறது என்று பழங்காலத்திலேயே விவாதம் நடந்திருக்கிறது. வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் பிற்பாடு ஆயரான அகுஸ்தீன், 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலைப்பிரசங்கத்தை விளக்கியபோது, விசுவாசமில்லாதவர்களே இடதுகை என்பது போன்ற விளக்கங்களையும், மனைவிதான் இடதுகை, அவளுக்குத் தெரியாமல் கொடுக்கச் சொல்கிறார் என்ற விளக்கத்தையும் எடுத்துப் பார்த்து ஒதுக்கிவிடுகிறார். வலதுகை என்பது தேவனுடைய கட்டளையை நிறைவேற்ற வேண்டும் என்ற நோக்கம், இடதுகை என்பது புகழ்ச்சியில் உண்டாகும் இன்பம், அந்த நோக்கத்தோடு இந்த இன்பம் கலந்துவிடக் கூடாது என்பது அவருடைய முடிவு.

இதை அன்றாட வாழ்க்கையில் வைத்துப் பார்க்கலாம். ஒருவருக்கு மருந்து வாங்க 2,000 ரூபாய் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வருகிறோம். ஊருக்குத் தெரியாது, உறவுக்குத் தெரியாது. ஆனால் இரவில் படுத்தபிறகு, அந்தக் காட்சியை மனதுக்குள் மறுபடியும் ஓட்டிப் பார்க்கிறோம். வாங்கியவரின் கண் கலங்கியதையும் நாம் "பரவாயில்லை" என்று சொன்ன விதத்தையும் நினைத்து உள்ளுக்குள் மகிழ்கிறோம். பார்வையாளர் வரிசையில் இப்போது நாமே உட்கார்ந்திருக்கிறோம். கொடுத்ததில் மகிழ்ச்சியடைவது பாவமல்ல. "உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்" என்று அப்போஸ்தலரான பவுலே எழுதுகிறார். கொடுத்ததில் வரும் மகிழ்ச்சி ஒன்று, கொடுத்த என்னைப் பார்த்து வரும் மகிழ்ச்சி வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு மெல்லியது என்றாலும், அதைத் தாண்டும்போது ஒவ்வொருவருக்கும் உள்ளூரத் தெரியும்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில், நியாயத்தீர்ப்பைப் பற்றிய பகுதியில், இதே பாடம் இன்னும் ஆழமாக வருகிறது. பசியாயிருந்தேன், நீங்கள் எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள் என்று நியாயந்தீர்க்கும் ராஜாவாகிய கிறிஸ்து சொல்லும்போது, நீதிமான்கள் திகைத்துப்போய், "ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டு உமக்குப் போஜனங்கொடுத்தோம்?" என்று கேட்கிறார்கள். பணிவுக்காக அப்படிக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவர்களுக்குத் தெரியவில்லை. தாங்கள் கொடுத்தவற்றைக் கணக்கு வைத்திருந்தால் அந்தக் கேள்வியை அவர்கள் கேட்டிருக்க முடியாது. வலதுகை செய்ததை இடதுகை அறியாதிருத்தல் என்பதன் முழு உருவம் இவர்களே.

வாங்குகிறவரின் முகம்

இதுவரை கொடுக்கிறவரின் உள்ளத்தைப் பற்றியே பேசினோம். வாங்குகிறவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் மறைவான கொடையின் அருமை இன்னும் தெளிவாகத் தெரியும். அதற்குக் கிறிஸ்தவ மரபில் பழகிய உதாரணம் நிக்கொலா. இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த மீரா நகரில் 4ஆம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர் அவர். அவரைப் பற்றிய விரிவான வரலாறுகள் பல நூற்றாண்டுகள் கழித்தே எழுதப்பட்டன என்பதால், பின்வருவதை மரபு வழிவந்த கதையாகவே கொள்ள வேண்டும். செல்வத்தை இழந்த ஒரு மனிதனுக்கு மூன்று பெண்கள். வரதட்சணை கொடுக்க வழியில்லாததால், அவர்களை இழிவான தொழிலுக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலைக்கு அவன் வந்துவிட்டான். இதைக் கேள்விப்பட்ட நிக்கொலா, இரவில் போய், பொற்காசுகள் கட்டிய ஒரு முடிப்பைச் சன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டுத் திரும்பினார். மூத்தவளுக்குத் திருமணம் நடந்தது. இரண்டாவது பெண்ணுக்காகவும் இப்படியே செய்தார். மூன்றாவது முறை அந்தத் தகப்பன் தூங்காமல் விழித்திருந்து, சத்தம் கேட்டவுடன் ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொண்டு காலில் விழுந்தான். தாம் உயிரோடிருக்கும்வரை இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று நிக்கொலா அவனிடம் உறுதி வாங்கினார். அவருடைய திருநாள் டிசம்பர் 6. சிவப்பு அங்கி அணிந்த கிறிஸ்துமஸ் தாத்தாவின் தொடக்கம் இவரே.

இந்தக் கதையில் என் கண் நிற்பது பொன்மேல் அல்ல, இரவின்மேல். பகலில் வாசல் வழியாகப் போய்க் கொடுத்திருந்தாலும் பொன்னின் மதிப்புக் குறைந்திருக்காது. ஆனால் அந்த வீட்டின் நிலை தெரு முழுவதற்கும் தெரிந்திருக்கும். அந்தப் பெண்கள் எந்த வீட்டுக்கு வாழப் போனாலும் அந்தப் பேச்சும் கூடவே போயிருக்கும். நிக்கொலா தம் பெயரை மறைத்ததைவிட அவர்களுடைய மானத்தை மறைத்ததே பெரிது.

இதை நான் வெறும் வாசிப்பிலிருந்து சொல்லவில்லை. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டு, என் தகப்பனார் படுத்த படுக்கையாக இருந்தார். கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் சபையின் ஐயர், குருக்களை ஐயர் என்பதே எங்கள் பக்கத்து வழக்கம், அம்மாவைக் குருமனைக்கு வரச்சொல்லி ஒரு தாளை நீட்டினார். ஓராண்டுக் கட்டணம் முழுவதும் செலுத்தப்பட்டதற்கான ரசீது அது. செலுத்தியவர் என்ற இடத்தில் என் பெயரே எழுதியிருந்தது. "ஐயா, யாருன்னு மட்டும் சொல்லுங்க, ஒரு வார்த்த சொல்லிக்கிடுதேன்" என்று அம்மா கெஞ்சினார். "நன்றிய ஆண்டவர்ட்ட சொல்லுங்கம்மா. பேரச் சொல்லக் கூடாதுங்கிறது ஒண்ணுதான் கொடுத்தவங்க எங்கிட்ட கேட்டது" என்றார் ஐயர்.

அதற்குப் பிறகு அம்மாவிடம் நான் கண்ட மாற்றத்தை எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. முதல் சில வாரங்கள் வசதியுள்ள குடும்பங்களையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். யார் என்று தெரியாமலேயே மாதங்கள் போகப்போக, அவருடைய நன்றி ஒரு முகத்தில் தங்க முடியாமல் சபை முழுவதின்மேலும் பரவியது. சாக்கடைத் தகராறில் நான்கு ஆண்டுகளாகப் பேசாமல் இருந்த அடுத்த தெருச் சித்தியிடம் ஒரு நாள் அவராகவே போய்ப் பேசினார். ஏன் என்று கேட்டேன். "அவளாவும் இருக்கலாம்லா" என்றார்.

தமிழில் நன்றியைக் கடனோடு சேர்த்து நன்றிக்கடன் என்கிறோம். அந்தச் சொல்லில் உண்மையும் இருக்கிறது, பாரமும் இருக்கிறது. இன்னாரிடம் வாங்கினோம் என்று தெரிந்துவிட்டால், அவர் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருக்க முடியாது, சபைத் தேர்தலில் அவருக்கு எதிராகக் கை தூக்க முடியாது, அவர் தவறாகப் பேசும்போது மறுத்துப் பேச நா எழாது. கொடுத்தவர் எதையும் எதிர்பார்க்காத நல்லவராகவே இருந்தாலும் வாங்கியவரின் முதுகு தானாகவே சற்று வளைந்துவிடும். "ஏழைக்கு இரங்குகிறவன் கர்த்தருக்குக் கடன் கொடுக்கிறான்" என்கிறது நீதிமொழிகள் 19:17. இந்த வசனத்தைக் கொடுப்பவருக்கான ஊக்கமாகவே பெரும்பாலும் பிரசங்கிக்கிறார்கள். வாங்குகிறவருக்கு அது ஒரு விடுதலைப் பத்திரம்: கடன்பட்டவர் கர்த்தர் என்றால், ஏழை யாருக்கும் கடன்பட்டவர் அல்ல.

மறைவான அறையில் கொடுத்தவரும் மறைந்திருந்தார், வாங்கியவரும் மறைந்திருந்தார் என்பதை நம் நாளில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அரிசிப் பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு செல்பேசியைப் பார்த்து நிற்க வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாகும் முதியவர்களின் படங்களை, வெள்ளம் வந்த ஒவ்வொரு முறையும் பார்க்கிறோம். கொடுத்த அமைப்பின் பெயரை எடுத்துவிட்டாலும் அந்த முதியவரின் முகம் அங்கேயே இருக்கிறது. முதலில் மறைக்கப்பட வேண்டியது அந்த முகம்.

பெயர் சொல்வது தவறா?

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். அதே மலைப்பிரசங்கத்தில், ஒரு அதிகாரத்துக்கு முன்பு, மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு பிதாவை மகிமைப்படுத்தும்படி உங்கள் வெளிச்சம் அவர்கள் முன்பாகப் பிரகாசிக்கக்கடவது என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். அப்படியானால் காட்ட வேண்டுமா, மறைக்க வேண்டுமா? 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தியோகியாவில் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம் இதற்குத் தந்த பதில் எனக்குப் போதுமானதாக இருக்கிறது: மனிதர் முன்பாகச் செய்தும் மனிதர் பார்ப்பதற்காகச் செய்யாதிருக்க முடியும், மனிதர் முன்பாகச் செய்யாமலேயே மனிதர் பார்ப்பதற்காகச் செய்யவும் முடியும். தேவன் பார்ப்பது நோக்கத்தை. வேறு விதமாகச் சொன்னால், செய்ததைக் கண்டவர்கள் யாரைப் புகழ்ந்தார்கள் என்பதில் பதில் இருக்கிறது.

அப்போஸ்தலர் நடபடிகளில் பர்னபா தன் நிலத்தை விற்று, பணத்தை அப்போஸ்தலரின் பாதத்தில் வைத்தார். அவர் பெயர் எழுதப்பட்டிருக்கிறது, அதில் குற்றமில்லை. அடுத்த அதிகாரத்திலேயே அனனியா, சப்பீராள் என்ற தம்பதியர் தங்கள் நிலத்தை விற்று, ஒரு பங்கை ஒளித்துவைத்துக்கொண்டு, முழுவதையும் கொடுப்பதுபோல் வருகிறார்கள். அவர்கள் ஒரு பங்கைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டிருக்கலாம், யாரும் தடுக்கவில்லை என்று பேதுருவே சொல்கிறார். முழுவதையும் கொடுத்தவர்கள் என்ற பெயர் வேண்டும், முழுவதையும் கொடுக்கவும் மனமில்லை என்பதுதான் அவர்களை அழித்த காரியம்.

கணக்கில் இருக்கும் பெயரும் சுவரில் இருக்கும் பெயரும் ஒன்றல்ல என்பதையும் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் திரட்டியபோது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவற்றைச் செய்ய நாடுகிறோம் என்று எழுதிய பவுல், அந்தப் பணத்தைத் தனியே கையாளாமல் சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் உடன் சேர்த்துக்கொண்டார். வரிவிலக்குக்கான ரசீது வாங்குகிறவர் பெயர் கொடுத்தே ஆக வேண்டும். அதனால் மறைவு கெட்டுவிடாது. மறைவாகக் கொடுத்தலைச் சாக்காக வைத்து, காணிக்கைக்குக் கணக்குக் காட்ட மறுக்கிற நிர்வாகம் எந்தச் சபையில் இருந்தாலும், அது இந்த வசனத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறது.

பலனுக்காகத்தானே கொடுக்கிறோம், மனிதரிடம் கேட்காமல் தேவனிடம் கேட்கிறோம், இதுவும் ஒரு வியாபாரம் அல்லவா என்று கேட்பவர்களும் உண்டு. மூலத்தில் உள்ள சொல்லுக்குக் கூலி என்பதே நேர்ப்பொருள் என்பதால் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் கூலி தருகிறவரை இயேசு முதலாளி என்று சொல்லவில்லை. "அந்தரங்கத்தில் பார்க்கிற உன் பிதா" என்கிறார். அந்தப் பிதா பலனளிப்பார் என்ற இடத்தில், பிற்காலப் பிரதிகள் பலவற்றில் காணப்படும் "வெளியரங்கமாய்" என்ற சொல் பழமையான பிரதிகளில் இல்லை. பொது மொழிபெயர்ப்பு மறைவாய் உள்ளதைக் காணும் தந்தை கைம்மாறு அளிப்பார் என்று மட்டும் சொல்கிறது. என்ன கைம்மாறு, எப்போது என்று எதுவும் இல்லை. மறைவில் தகப்பனும் பிள்ளையும் மட்டும் அறிந்த ஒரு காரியம் இருப்பதே கைம்மாறின் பெரும்பகுதி என்று நான் நினைக்கிறேன். அதே அதிகாரத்தில் ஜெபத்தைப் பற்றியும் உபவாசத்தைப் பற்றியும் இதே சொற்களால் அவர் பேசுவது இந்த எண்ணத்தை எனக்கு உறுதிப்படுத்துகிறது.

மறைவிலும் சோதனைகள் உண்டு. "யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவரிடம் மட்டும் சொல்லிவைப்பது அவற்றில் ஒன்று. பெயர் சொல்லிக் கொடுப்பவர்களைத் தாழ்வாக நினைப்பது இன்னொன்று. எல்லாவற்றையும்விட நுட்பமானது, ஏழையின் முகத்தைப் பார்க்க விருப்பமில்லாமல் மறைவைத் தேடுவது. பணத்தை அனுப்பிவிட்டு, அவர் வீட்டுக்குப் போவதையும் அவரோடு உட்கார்ந்து பேசுவதையும் தவிர்த்துக்கொண்டால், அந்த மறைவு அன்பிலிருந்து வந்தது அல்ல. நிக்கொலா அந்த வீட்டின் நிலையை அறிந்திருந்ததால்தான் அங்கே போக முடிந்தது.

ஒருவர் தம் பெயரை எவ்வளவு பொறுமையாக மறைக்க முடியும் என்பதற்கு, தமிழ்க் கிறிஸ்தவர்கள் நன்கு அறிந்த ஜார்ஜ் முல்லரின் வாழ்க்கையைச் சொல்லலாம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836இல் அநாதைப் பிள்ளைகளுக்கு விடுதி தொடங்கிய அவர், வந்த கொடைகளை ஆண்டறிக்கைகளில் ஒன்றுவிடாமல் வெளியிட்டார், ஆனால் கொடுத்தவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. அவற்றில் ஒரு கொடையாளி, கிறிஸ்துவின் அன்பினால் ஏவப்பட்டுப் பரலோகத்தில் பொக்கிஷம் சேர்க்க நாடுகிற, கர்த்தராகிய இயேசுவின் ஊழியக்காரன் ஒருவன் என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்தார். அந்த ஊழியக்காரன் முல்லரே. 1898இல் அவர் இறந்தபின் அவருடைய வரலாற்றை எழுதியவர் கூட்டிப் பார்த்தபோது, அப்படிக் கொடுக்கப்பட்ட தொகை 81,000 பவுண்டுக்கு மேல் இருந்தது. அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு சுமார் 170 பவுண்டு.

தொடங்க விரும்புகிறவருக்குப் பெரிய தொகை தேவையில்லை. பெயர் எழுதாத ஓர் உறையைக் காணிக்கைப் பையில் போடலாம். பள்ளி அலுவலகத்திலோ மருந்துக்கடையிலோ ஒருவருடைய பாக்கியைக் கட்டிவிட்டு, கட்டியவர் யார் என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் நடுவில் நம்பிக்கையான ஒருவர் தேவைப்படுவார். இந்த நடுவில் நிற்கிறவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவருடைய ஊழியமும் சிறியதல்ல. கொடுத்தவரின் பெயரையும் வாங்கியவரின் நிலையையும் ஒருசேரத் தெரிந்துகொண்டு, இரண்டையும் வாயைத் திறந்து சொல்லாமல் அவர் காலமெல்லாம் சுமக்க வேண்டும்.

எங்கள் ஐயர் அதற்குப் பிறகு இரண்டு சேகரங்களுக்கு, அதாவது சபைகளின் தொகுதிகளுக்கு, மாற்றலாகிப் போய், ஓய்வுபெற்று, சொந்த ஊரில் குடியிருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்தபின் அம்மா பழங்கள் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனார், என்னையும் அழைத்துக்கொண்டு. இத்தனை வருடம் ஆகிவிட்டதே, இப்போதாவது சொல்லக் கூடாதா என்று கேட்டார். ஐயர் சிரித்துவிட்டு, "காப்பி ஆறுதும்மா, குடிங்க" என்றார். சில ஆண்டுகளுக்குப் பிறகு அவரும் போய்விட்டார். இன்றும் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் அந்த வரி வாசிக்கப்படும்போது, தொகை எவ்வளவாக இருந்தாலும், அம்மா தலையைக் குனிந்து, பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காத குரலில், ஸ்தோத்திரம் என்கிறார்.